நான் வெட்டிய மூன்று வரிகள்

பதினோரு வருடம் துணை மின்நிலையத்தில் இன்ஜினியராக இருந்த ஒருவரின் ரெஸ்யூமிலிருந்து மின்சாரத்தை மொத்தமாகப் பிடுங்கிப் போட்ட மேதை நான்தான். சிவப்புப் பேனாவால் மூன்று வரிகளை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு சிரித்த முகத்தையும் வரைந்தேன். அடி வாங்கியவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம். வயதைக் காரணம் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை. எனக்கு அப்போது நாற்பத்தொன்பது முடிந்திருந்தது.

நான் எப்படி அடுத்தவர் ரெஸ்யூமில் கை வைக்கும் நிலைக்கு உயர்ந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அலுவலகத்தின் வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் ‘சமூகத்துக்கு நீங்கள் செய்தது’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பல வருடங்களாக அதில் ‘ரத்த தானம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். கொடுத்தது ஒரே ஒரு முறை. அதிலும் பாதியில் மயங்கி விழ, அவர்கள்தான் எனக்கு ஜூஸ் கொடுத்துத் தேற்றி அனுப்பினார்கள். இனியும் அதையே எழுதினால் கையில் ஊசியோடு யாராவது வந்து நிற்பார்களோ என்று பயமாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் நூலக அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை என் மனைவி பார்த்தாள். சொந்த நாட்டில் நல்ல வேலையில் இருந்து, இங்கே வந்து வேலை கிடைக்காமல் இருப்பவர்களுக்குக் கணினித் துறைப் பயிற்சி. பதினாறு சனிக்கிழமைகள். அதன் பிறகு பன்னிரண்டு வார இன்டர்ன்ஷிப். சொல்லிக் கொடுக்கத் தன்னார்வலர்கள் தேவை.

“போயிட்டு வாங்க. சனிக்கிழமை வீட்ல இருந்தா ஹீட்டரோட தெர்மோஸ்டாட்டைத் திருகிட்டே இருக்கீங்க. யாருக்காவது உபயோகமா இருங்க” என்றாள்.

“எனக்கு என்ன தெரியும்னு சொல்லிக் குடுக்கறது?”

“அது அவங்களுக்குத் தெரியாதே. போங்க.”

நியூ ஜெர்ஸி மாநிலம், மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நூலகம். அதன் பின்னறையில் முதல் நாள் எல்லோரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். கெய்ரோவில் பல் மருத்துவராக இருந்த பெண்மணி, இப்போது மருந்துக் கடையில் பெட்டி அடுக்குகிறார். லாகோஸில் ஒரு வங்கிக் கிளையையே நடத்தியவர் இங்கே கிடங்கில் இருக்கிறார். கீவ் நகரத்தில் பாலங்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்த மனிதர், வீடு வீடாக மளிகைச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவர் தன் பழைய வேலையைப் பற்றிச் சொன்னபோது மேசை மேல் இரண்டு கைகளையும் வைத்து ஒரு பாலம் எப்படி மூச்சு விடும் என்று காட்டினார். எல்லோரும் அவர் விரல்களையே பார்த்தார்கள். கடைசியில் என் முறை வந்தது. “மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருளில் வேலை பார்க்கிறேன்” என்றேன். எல்லோரும் மரியாதையோடு தலையாட்டினார்கள். பாலத்துக்கு அடுத்தபடி குறுஞ்செய்தி. எனக்கே சிரிப்பு வந்தது.

அந்த வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தவர்தான் பின்னால் என் சிவப்புப் பேனாவிடம் அடி வாங்கியவர். உடுமலைப் பக்கம் ஊர். வயது நாற்பத்திரண்டு. காட்டன் புடவை மேல் ஸ்வெட்டர், மடியில் தடிமனான கோடு போட்ட நோட்டு. கணவரின் வேலைக்காக வந்து ஒன்பது வருடம். அதில் ஏழு வருடம் வேலை செய்ய அனுமதி இல்லை. அனுமதி வந்த இரண்டு வருடத்தில் போட்ட விண்ணப்பங்கள் அந்த நோட்டின் பின்பக்கத்தில் இருந்தன. தேதி, நிறுவனம், பதில் என்று மூன்று பத்திகள். மூன்றாவது பத்தி முழுக்கக் காலி.

வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். நம்ம ஊர் ஆள் என்று தெரிந்தபின் வருவதுதானே முறை.

“அடுத்த வாரம் ஒன்பதரைக்கு வந்துடுங்க” என்றேன்.

“அடுத்த வாரம், சனிக்கிழமை, காலையில ஒன்பதரை மணி, இதே ரூம். சரிங்களா சார்?”

“சரிதான். ஆனா சார் எல்லாம் வேண்டாம். இங்க எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க.”

“சரிங்க சார்.”

எதைச் சொன்னாலும் அவர் அதைத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் நோட்டில் எழுதுவார். நான் கொட்டாவி விட்டால் அதையும் குறித்துக்கொள்வாரோ என்று பார்த்தேன்.

ஏழாவது வாரம் மாதிரி இன்டர்வியூ. கேள்வி கேட்பவன் நான். கழுத்தில் டை வேறு கட்டிக்கொண்டு போயிருந்தேன். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றேன். அவர் எழுந்து நின்று, தன் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்பதில் ஆரம்பித்து, உடன்பிறந்தோர் இருவர், பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றெட்டு என்று வந்துகொண்டிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிக்கும் யோக்கியதை எனக்கு இருந்ததா என்றால், இல்லை. பல வருடம் முன்பு சான் ஹோசேயில் என் முதல் இன்டர்வியூவில், “காரில் வந்தீர்களா?” என்று கேட்டவரிடம் என் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்து நீட்டியவன் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. டை கட்டியிருந்தேன் அல்லவா.

“அப்பாவை விட்டுடுங்க மேடம். நீங்க என்ன வேலை செஞ்சீங்க? அதைச் சொல்லுங்க.”

“சப்-ஸ்டேஷன்ல ஷிப்ட் இன்ஜினியருங்க சார்.”

“சரி, நாள் முழுக்க என்ன செய்வீங்க?”

கொஞ்சம் யோசித்தார். “லைன்மேன் கம்பத்துல ஏறி வேலை செய்யோணும்னா, அந்த லைனை நாங்க ஆஃப் பண்ணிக் குடுக்கோணுங்க. அதுக்கு எல்.சி.ன்னு பேரு. எந்த லைனுன்னு அவர் ஃபோன்ல சொல்லுவாரு. நான் திரும்பச் சொல்லுவேன். அவர் மறுபடியும் சொல்லுவாரு. அப்புறம் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து. வேலை முடிஞ்சா, யார் எல்.சி. வாங்கினாங்களோ அவங்களேதான் திருப்பிக் குடுக்கோணும். வேற யார் வந்து சொன்னாலும், பெரிய ஆபீசரே வந்து சொன்னாலும், சுவிட்சைப் போட மாட்டேனுங்க.”

“அதாவது, அவங்க சொல்றதை நீங்க திரும்பச் சொல்லுவீங்க.”

“ஆமாங்க சார்.”

“அதுக்கு ஒரு கிளி போதுமே மேடம்!”

அறையில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதால் என் நகைச்சுவைக்கு வேறு ரசிகர்கள் இல்லை. அவர் மட்டும் மரியாதைக்குச் சிரித்தார். நான் பேனாவை எடுத்தேன். “இதெல்லாம் இங்க யாருக்கும் புரியாது. ஈ.பி., லைன்மேன், கம்பம்... பார்த்தாலே தூக்கிப் போட்டுடுவாங்க. நீங்க புதுசாக் கத்துக்கிட்ட புரோகிராமிங்கை மட்டும் போடுங்க.” மூன்று வரிகளை அடித்தேன். சிரித்த முகம் வரைந்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். “மூணு வரியையும் எடுத்துடோணும். சரிங்க சார்” என்று திரும்பச் சொல்லி, நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

பதினாறு வாரம் முடிந்தது. எங்கள் நிறுவனம் அந்த வருடம் ஒரே ஒருவரை இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. பன்னிரண்டு வாரம் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தர வேலை. எழுத்துத் தேர்வு வைத்தார்கள். அவர் முதலாவதாக வந்தார். அதில் என் பங்கு எதுவும் இல்லை, ஆனால் அலுவலகத்தில் ‘நம்ம ஸ்டூடன்ட்’ என்று இரண்டு பேரிடம் சொல்லிவைத்தேன்.

சேர்ந்த அன்று மதியம், சாப்பாட்டு மேசையில், அவர் டிபன் பாக்ஸைத் திறந்தபடி சொன்னார்: “இதுதானுங்க சார் கடைசி. இது அமையலைன்னா விட்டுடலாம்னு இருக்கேன். பக்கத்துத் தெருவுல டேகேர் நடத்துற அக்கா உதவிக்கு ஆள் கேக்கறாங்க. பன்னெண்டு வாரம் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன்.”

“டேகேரும் நல்ல வேலைதானே?”

“நல்ல வேலைதானுங்க. எனக்குக் குழந்தைங்கன்னா பிரியந்தான். ஆனா நான் இன்ஜினியருங்க சார்.”

சாதாரணக் குரலில்தான் சொன்னார். உடனே ஏதாவது ஜோக் அடித்து நகர்ந்துவிடலாம் என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது என் அவஸ்தை. எங்கள் குழுவில் பாதிப் பேர் நியூ ஜெர்ஸியில், மீதிப் பேர் கலிபோர்னியாவில் சான் ரமோனில். டைரக்டர் அம்மையார் டெக்சாஸில். தினமும் காலையில் எல்லோரும் வீடியோவில் கூடுவோம். இவரோ, யார் எந்த வேலை கொடுத்தாலும் எல்லோர் முன்னாலும் அதை முழுசாகத் திரும்பச் சொல்வார். “வெள்ளிக்கிழமைக்குள், இரண்டாவது பக்கத்தில், தேதி வரும் இடத்தை மட்டும் மாற்ற வேண்டும். மற்றதைத் தொடக்கூடாது. சரியா சார்?” சான் ரமோனில் இருக்கும் டீம் லீடுக்கு இருபத்தொன்பது வயது, பிறந்ததிலிருந்து அவரை யாரும் சார் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்காருவார். இரண்டு மூன்று பேர் மைக்கை அணைத்துவிட்டுச் சிரிப்பது உதட்டில் தெரியும்.

எனக்குக் கோபம் அவர்கள் மேல் வந்திருக்க வேண்டும். வந்தது அவர் மேல். இதை இப்போது எழுதும்போதுகூடக் கூசுகிறது. இருபத்து மூன்று வருடமாக நான் தேய்த்துத் தேய்த்து அழித்த அந்த எழுந்து நிற்கும் ஆள், மதிப்பெண் பட்டியலை நீட்டும் ஆள், ஒரு காட்டன் புடவையில் தினமும் காலை எல்லோர் முன்னாலும் வந்து நின்றார். அவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அடுத்ததாக என் பக்கம் திரும்பி, ‘ஓ, நீயும் அங்கிருந்துதானே?’ என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

“மேடம், திரும்பச் சொல்றதை விட்டுடுங்க. இங்க அதை ஸ்லோன்னு நினைப்பாங்க” என்று ஒருநாள் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“திரும்பச் சொல்லக்கூடாது. சரிங்க சார்” என்றார் திரும்ப.

இன்டர்ன்ஷிப்பின் எட்டாவது வாரம் பயிற்சிக் குழுவுக்கும் டைரக்டருக்கும் ஒரு மதிப்பீடு எழுத வேண்டும். வழிகாட்டி என்ற முறையில் எழுதியவன் நான். பயிற்சிக் குழு கொஞ்சம் பழைய மாதிரி; பேனாவில் கையெழுத்துப் போட்ட பிரதி வேண்டும் என்றார்கள். ‘உழைப்பாளி. ஆனால் தயங்குகிறார். ஒவ்வொன்றுக்கும் உறுதி கேட்கிறார். வேகமாக இயங்கும் குழுவுக்கு இன்னும் தயாராகவில்லை.’ இப்படி நான்கு வரி. எழுதி முடித்தபோது ரொம்ப நியாயமாக நடந்துகொண்ட உணர்வுகூட இருந்தது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

“பாவம்ங்க. அவங்க அந்த வேலையை எவ்வளவு நம்பிக்கிட்டு இருக்காங்க.”

“நம்ம ஊர் ஆளுன்னு சலுகை காட்ட முடியுமா?”

“சலுகை காட்டச் சொல்லலை. நம்ம ஊர் ஆளுன்னு தண்டனை குடுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.”

எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. நான் எழுந்துபோய்த் தெர்மோஸ்டாட்டைத் திருகினேன்.

பத்தாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணி. மென்பொருளில் ஒரு மாற்றம் செய்திருந்தோம். செய்தி சரியாகப் போகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கென்றே ஒரு டெஸ்ட் லிஸ்ட் வைத்திருக்கிறோம். அதில் எங்கள் குழுவினரின் எண்கள் மட்டும்தான் இருக்கும். சோதனைச் செய்தியை எழுதுவதில் நான் பேர்போனவன். மற்றவர்கள் ‘டெஸ்ட் ஒன்று’, ‘டெஸ்ட் இரண்டு’ என்று எழுதும்போது நான் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது எழுதுவேன். குழுவில் என் செய்திகளைச் சேர்த்து வைப்பவர்கள்கூட உண்டு என்று ஒரு பெருமை. அன்றைக்கு எழுதியது, தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘உங்கள் ஆபரேஷன் ரத்து செய்யப்பட்டது. வீட்டுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கவும்.’

என் திரை எல்லோருக்கும் தெரிந்துகொண்டிருந்தது. சான் ரமோனில் அப்போதுதான் காலை எட்டு மணி. டீம் லீட் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்குக் குஷி. சுட்டியை ‘அனுப்பு’ என்ற பொத்தான் மேல் கொண்டுபோனேன்.

“சார், ஒரு நிமிஷங்க.”

என் பக்கத்து நாற்காலியில் அவர், மடியில் நோட்டு.

“என்ன மேடம்?”

“எந்த லிஸ்ட்டுங்க?”

“டெஸ்ட் லிஸ்ட்தான்.”

“பார்த்துச் சொல்லுங்க சார்.”

“பார்த்துட்டுத்தானே சொல்றேன்.”

“என்னையப் பார்த்துச் சொல்றீங்க. ஸ்கிரீனைப் பார்த்துச் சொல்லுங்க.”

வீடியோவில் எல்லோரும் காத்திருந்தார்கள். இரண்டு வாரம் முன்புதான் ‘இதை விட்டுடுங்க’ என்று நானே சொல்லியிருந்தேன். எரிச்சலோடு, அவருக்குப் பாடம் கற்பிக்கிற தோரணையில், சத்தமாகவே வாசித்தேன். முதல் சொல்லிலேயே நிறுத்திவிட்டேன். அது டெஸ்ட் லிஸ்ட் இல்லை. அன்று காலை அதே கணினியில் வேறொருவர் நிஜமான நினைவூட்டல்களை அனுப்பியிருந்தார். அந்தப் பட்டியலே கட்டத்தில் அப்படியே நின்றிருந்தது. அன்றும் மறுநாளும் ஆபரேஷன் உள்ளவர்கள். ஐந்து மாநிலங்களில் உள்ள மருத்துவமனைகள்.

இட்லி என்றால் என்ன என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. முதல் வாக்கியம் எல்லோருக்கும் புரிந்திருக்கும். ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல், பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டு, மகளின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு கிழவர் அதை வாசித்திருப்பார். அவர் என்ன செய்திருப்பார் என்று நினைத்தபோது என் கை சுட்டியை விட்டு விலக மறுத்தது. விரலை எடுத்தால் அழுத்திவிடுமோ என்று பயம்.

“கையை எடுங்க சார், மெதுவா” என்றார் அவர். எடுத்தேன். அவர் எட்டி அந்தக் கட்டத்தை டெஸ்ட் லிஸ்ட்டுக்கு மாற்றினார். பிறகு, ஏதோ குழாயை மூடிவிட்டு வந்த மாதிரி, “இப்ப வாசிங்க” என்றார்.

வாசித்தேன். அவர் திரும்பச் சொன்னார். நான் மறுபடியும் சொன்னேன். “மேல ஆள் இருந்தா தெரியாதுங்க சார். கீழ இருக்கறவங்களுக்குக் கம்பி மட்டும்தான் தெரியும்” என்று முணுமுணுத்தபடி நோட்டில் எழுதினார். நேரம், பட்டியலின் பெயர், சொன்னவர், திரும்பச் சொன்னவர். நோட்டை என் பக்கம் தள்ளினார். “கையெழுத்துப் போடுங்க.” போட்டேன். வங்கியில்கூட அவ்வளவு கவனமாக நான் கையெழுத்துப் போட்டதில்லை.

வீடியோவில் யாரும் சிரிக்கவில்லை. டீம் லீட் காபிக் கோப்பையைக் கீழே வைத்திருந்தார்.

நோட்டை அவர் எடுக்கும் முன் முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். பத்து வாரமாக, அவருக்குக் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு வேலையும் அப்படியே இருந்தது. நேரத்தோடு, சொன்னவர் பெயரோடு, முடித்த நேரத்தோடு. ‘திரும்பச் சொல்லக்கூடாது’ என்று நான் சொன்ன நாளுக்குப் பிறகும் இருந்தது. வாயால் சொல்வதற்குப் பதிலாக அவரே மனதுக்குள் சொல்லிக்கொண்டு இரண்டு டிக் அடித்திருந்தார். பெரிய கோயிலில் தலையைத் தூக்கிக் கோபுரத்தைப் பார்க்கும்போது கழுத்துக்கும் வாய்க்கும் ஏதோ ஆகுமே, அது அந்த இருபது டாலர்கூடப் பெறாத நோட்டைப் பார்த்து எனக்கு ஆனது. பதினோரு வருடம் இந்தக் கையால் எத்தனை பேரைக் கம்பத்தில் ஏற்றி, எத்தனை பேரை உயிரோடு இறக்கியிருப்பார்! இதைத்தான் கிளி வேலை என்று நான் வெட்டினேன்.

மதியம் டைரக்டரை அழைத்தேன். டெக்சாஸ்காரர், ஒரு வார்த்தைக்கு மேல் பேசுவதை வீண்செலவாக நினைப்பவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இட்லி உட்பட. அனுப்ப இருந்தது நான், தடுத்தது நம் இன்டர்ன், எட்டாவது வாரம் நான் எழுதிய மதிப்பீடு தவறு.

“இதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நீயா?” என்று கேட்டார்.

“இல்லை. நான் அதை அவர் ரெஸ்யூமிலிருந்து எடுக்கச் சொன்னேன்.”

மறுமுனையில் கீபோர்டில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. என் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மதிப்பீட்டுப் படிவத்தில் அடுத்த வருடம் எந்தக் கட்டமும் இருக்காது என்று மனது கணக்குப் போட்டது.

“எடுப்பதற்கு முன்னால் இருந்த ரெஸ்யூமை அனுப்பு” என்றார்.

அதை ரெஸ்யூமுக்குச் சொந்தக்காரரிடமே போய்க் கேட்டேன். நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தார், சிவப்புக் கோடுகளோடும் சிரித்த முகத்தோடும். அதையே படமெடுத்து அனுப்பினேன். அனுப்பும் முன் சிரித்த முகத்தை விரலால் மறைத்துப் பார்த்தேன். விரலோடு சேர்ந்து படத்தில் இன்னும் கேவலமாக இருந்தது. அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டேன். புதிய மதிப்பீடு ஒன்றும் எழுதினேன். இந்த முறை ஒன்றரைப் பக்கம்.

அந்த வாரத்திலிருந்து எங்கள் குழுவில் ஒரு விதி வந்தது. எந்தச் செய்தியும் அனுப்பும் முன், அனுப்புகிறவர் திரையைப் பார்த்துப் பட்டியலின் பெயரை வாசிக்க வேண்டும். இன்னொருவர் திரும்பச் சொல்ல வேண்டும். முதலாமவர் மறுபடியும் சொல்ல வேண்டும். முறையை எப்படிச் செய்வது என்று அவரையே பேசச் சொன்னார்கள். ஆறு நிமிடம் பேசினார். அப்பா, உடன்பிறந்தோர், மதிப்பெண் எதுவும் வரவில்லை. கம்பம், கம்பி, மேலே இருக்கும் ஆள். எல்லோருக்கும் புரிந்தது. டெக்சாஸுக்கும் புரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை முதன்முறையாக அதைச் செய்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சான் ரமோனில் டீம் லீட் கலிபோர்னியா இழுவையோடு ஒரு பெயரைச் சொன்னார். நியூ ஜெர்ஸியில் குஜராத்திப் பெண் ஒருத்தி அதைத் திரும்பச் சொன்னாள். டீம் லீட் மறுபடியும் சொன்னார். உடுமலைக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சப்-ஸ்டேஷனில், மழை நாளில், கரகரப்பான ஃபோனில் இப்படித்தானே கேட்டிருக்கும் என்று தோன்றியது. எங்கிருந்து எங்கே வந்து நிற்கிறது பார், எந்தச் சூட்கேஸிலும் வைக்காத, எந்த விசா அதிகாரியும் முத்திரை குத்தாத ஒரு பழக்கம்! மைக்கை அணைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன். ஏசிக் காற்று என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன்.

பன்னிரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை அவருக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. கடிதத்தைப் பிரித்து, முழுவதும் வாசித்து, தன் பெயர், பதவி, சேரும் நாள் மூன்றையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு வெளியே போய் டேகேர் அக்காவுக்கு ஃபோன் பண்ணினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவது கேட்கவில்லை. பேசி முடித்த பின் ரொம்ப நேரம் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கார்களைப் பார்த்தபடி நின்றிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்ததும் தெரிந்தது.

எனக்கு மட்டும் ஒன்று பாக்கி. எட்டாவது வாரம் நான் எழுதிய அந்த நான்கு வரி அவருக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டுவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டு நாளாக நல்ல தமிழில் ஒரு முன்னுரை தயார் செய்து வைத்திருந்தேன். அன்று மாலை வாகன நிறுத்தத்தில் அவர் காரைத் திறக்கும்போது பிடித்தேன்.

“மேடம், ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் நீங்க என்னை எப்படி வேணும்னாலும் திட்டலாம். இந்த வேலை உங்களுக்குக் கிடைக்காமப் போயிருந்தா அதுக்கு முழுக் காரணம் நானாத்தான் இருந்திருப்பேன். எட்டாவது வாரம், அந்த இட்லி விவகாரத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி, உங்களைப் பத்தி நான் டைரக்டருக்கு ஒரு ரிப்போர்ட் எழுதினேன். அதுல நீங்க இந்த டீமுக்குத் தயாரா இல்லைன்னு...”

அவர் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தார், பெல்ட்டைப் போட்டார், கண்ணாடியை இறக்கினார்.

“தெரியுமுங்க, அன்னிக்கே அதைப் பிரின்டர்ல விட்டுட்டுப் போயிட்டீங்க.”